காற்றுக் குழாயும் மூன்று விரல் திருநீறும்

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே தூறல். தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் நீலக் கித்தானை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, அதன் கீழே காரை நிறுத்தி, போனட்டைத் தூக்கி வைத்திருந்தேன். என் கையில் பத்தாம் நம்பர் ஸ்பானர். தரையில் விரித்த சாக்கின் மேல், தபாலில் வந்த அட்டைப்பெட்டி.

பெட்டிக்குள் வளைந்த அலுமினியக் குழாய் இரண்டு, அவற்றை இணைக்க நீல ரப்பர், இறுக்குவதற்குக் கம்பி வளையங்கள், அப்புறம் கூம்பு வடிவத்தில் சிவப்பாக ஒரு பில்டர். கார் எஞ்சினுக்குள் காற்று போகிற வழியை மாற்றுகிற சாமான் அது. காரோடு வந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், மேடு நன்றாக ஏறும் என்று போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன்.

என் மனைவி பார்வதி வாசல் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வெட்டரின் இடது கையை மட்டும் மேலே மடித்து விட்டிருந்தாள். அந்தக் கையில்தான் வாரத்துக்கு மூன்று நாள் ஊசி ஏறும். அதில் இறுக்கமாக எதுவும் படக்கூடாது.

“ஏங்க, ஓடுற காடிய ஏன் பிரிச்சுப் போடுறீங்க?”

“ஓடுது. ஏறுதா? அதைச் சொல்லு.”

“மெதுவா ஏறுனா என்னவாம்? நாம என்ன ரேஸுக்கா போறோம்?”

“உனக்குத் தெரியாது. சும்மா இரு.”

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நான் அவளிடம் அதிகமாகச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

போன வாரம் இந்தத் தொடரில், தேயிலை ஆலையில் நான் போட்ட சண்டைகளை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பிரிஞ்சாங்கிலிருந்து ஒருவர் போன் செய்து, “என்னண்ணே, நீங்க அவ்ளோ கோவக்காரரா?” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எங்கள் தோட்டத்தில் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்த ஆத்திரம் என் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை இந்த வாரம் எழுதுகிறேன். நாலு வாரமாகத் தள்ளித் தள்ளிப் போட்டது இது. சிரிப்பதற்கு இதில் அதிகம் இருக்காது.

ஏறாத கார்

பார்வதிக்கு இனிப்புநீர். அது இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்தாக வேண்டும். மலையிலேயே செய்ய அப்போது இடம் காலியில்லை, பேரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். இடம் கிடைக்கும்வரை மலைக்குக் கீழே இருக்கிற ஈப்போதான்.

எங்கள் தோட்டத்திலிருந்து கோலா தெர்லா, கம்போங் ராஜா தாண்டி, சிம்பாங் பூலாய் ரோட்டில் இறங்கி ஈப்போ போய்ச்சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்குவது சுலபம். திரும்பி ஏறுவதுதான் சூசா, பெரும்பாடு.

நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வருகிறவள் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பாள். தலை சுற்றும், வாந்தி வரும். அடிவாரத்தில் வெக்கையோ வெக்கை. ஏர்கோன் போட்டால் கார் ஏறாது, இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு நிற்கும். அதை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் முன்னால் போகிற லோரிப் புகை மொத்தமும் உள்ளே வரும். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஒரு நாள் ஒரு வளைவில் அவளால் அடக்க முடியவில்லை. காருக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். வாயைத் துடைத்த கையோடு என்னிடம் அவள் கேட்டது என்ன தெரியுமா? “சீட்டுல பட்டுருச்சாங்க?”

சீட்டாம் சீட்டு! இந்தக் காரை ஏர்கோன் போட்டபடி ஏற வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆசை நல்ல ஆசைதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். தாகத்துக்கு ஐஸ்கட்டியைச் சப்புவாள். ஒரு தடவை மெஷினைத் தவறவிட்டால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கி, நெஞ்சுக்குள் இறங்கி, மூச்சை முட்டும். உயிருக்கே ஆபத்து. எங்கள் ஒரே மகள் கவிதா வேலை பார்ப்பது ஜொகூரில், நினைத்த நேரத்துக்கு ஓடிவர முடியாது. அதனால் ஓய்வுபெற்ற எனக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த வேலை ஒன்றுதான். அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

காத்து பிட்டர்

என் பட்டப்பேர் தோட்டத்தில் ‘காத்து பிட்டர்’. அது எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் நான் செய்த மடத்தனம் உங்களுக்குப் புரியாது.

முப்பது வருஷத்துக்கு மேல் தேயிலை ஆலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலை பார்த்தேன். பறித்து வந்த கொழுந்தை மேல்மாடியில் நீளத் தொட்டிகளில் பரப்புவார்கள். அடியிலிருந்து காற்றாடி காற்றை ஊதும். அந்தக் காற்றில்தான் இலை வாட வேண்டும். ஒரு வறண்ட காலத்தில் இலை பதமாக வாடாமல் ஓரமெல்லாம் சிவந்து கருகியது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்து பார்த்தார்கள். காற்றாடியை மாற்றச் சொன்னார்கள், மோட்டாரை மாற்றச் சொன்னார்கள்.

நான் ஒன்றையும் மாற்றவில்லை. காற்றாடி பாய்லர் பக்கத்துச் சூட்டை இழுத்துக்கொண்டிருந்ததை மட்டும் கண்டுபிடித்தேன். தகரத்தில் ஒரு குழாய் அடித்து, மலை நிழல் விழுகிற பக்கத்தில் தரையோரமாக இறக்கி, அங்கிருந்து காற்றை இழுக்க வைத்தேன். மறுநாளே இலை சரியாகிவிட்டது.

மானேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்வோம். அந்தத் துரை காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நின்ற அத்தனை பேர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “குளிர்ந்த காத்து எங்க இருக்கும்? கீழ இருக்கும், நிழல்ல இருக்கும்!” என்று அன்றைக்கு நான் அளந்த அளப்பை வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்கள். கேலி என்றாலும் எனக்கு அது பதக்கம். பார்வதி அப்போது அதே ஆலையில் தேயிலை சலிக்கிற அறையில் வேலை பார்த்தாள். அன்று சாயங்காலம் கேசரி கிண்டினாள்.

அந்தப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் காரிலும் கை வைத்தேன்.

பெட்டியில் இருந்த காகிதம்

பெட்டி தோட்டத்து ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருந்தது. அங்கே கணக்கு எழுதுகிற கிராணி அதை ஆட்டிப் பார்த்துவிட்டு, “என்ன பிட்டரே, நாதஸ்வரமா? கோயில் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கே லா!” என்றார். “ஆமா, ஒங்களுக்கு ஒத்து ஊதத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு வாங்கி வந்தேன்.

உள்ளே மடித்த காகிதம் ஒன்று இருந்தது. மெஷின் காகிதம் படிக்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். அதில் இரண்டு வழி போட்டிருந்தது. ஒரு குழாயை மட்டும் மாட்டினால் பில்டர் எஞ்சினுக்குப் பக்கத்தில் உயரத்திலேயே இருக்கும். இரண்டாவது குழாயையும் சேர்த்தால் பில்டர் கீழே இறங்கி, முன் பம்பருக்குள், ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் போய் உட்காரும். அங்கே காற்று குளிர்ச்சியாகக் கிடைக்கும்.

கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி. கீழே மாட்டினால் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்டக் கூடாது.

படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். “நான் என்ன படகா ஓட்டப்போறேன்?” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் சொருகினேன். முப்பது வருஷம் காற்றோடு மல்லுக்கட்டியவனுக்குக் காகிதமா பாடம் நடத்துவது!

வேலையில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றினேன். கறுப்புப் பெட்டியின் கிளிப்புகளை விடுவித்து, மூன்று போல்ட்டைக் கழற்றித் தூக்கினேன். உள்ளே வருகிற காற்று எவ்வளவு சூடு என்று எஞ்சினுக்குச் சொல்கிற சின்ன சென்சார் ஒன்று அதில் இருந்தது. அதை உடையாமல் உருவி எடுத்துப் புதுக் குழாயில் பொருத்தினேன். முன்சக்கரத்துக்கு உள்பக்கப் பிளாஸ்டிக்கைப் பிரித்து, கையை விட்டு, பம்பருக்குள் இடம் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. ரப்பரை மாட்டி வளையங்களை இறுக்கினேன். பில்டர் ஒன்றுதான் பாக்கி.

கழற்றிய கறுப்புப் பெட்டியை பார்வதி தூக்கிக்கொண்டாள்.

“இது வேணுமா, வீசிருவீங்களா?”

“எதுக்கு அது இனிமே?”

“அப்போ புதினா வச்சுக்கிறேன்.”

அடியில் ஓட்டை இருந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று. அன்றைக்கே மண்ணைப் போட்டு நட்டுவிட்டாள்.

மூன்று விரல்

பார்வதிக்கு ஒரு பழக்கம். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை போட்டுவிடுவாள். கெட்டில், ஐஸ்பெட்டி, கவிதாவின் பள்ளிக்கூடப் பை, நான் வாங்கிய போன், எதையும் விட்டதில்லை. ஈப்போவில் முதல் நாள் அந்தச் சுத்தம் செய்கிற மெஷினுக்கும் போட்டாள். படுக்கும் முன்னால் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, மெஷினின் இரும்புக் காலில் ஒற்றை விரலால் ஒரு தீற்று. மிஸி, மலாய்க்காரப் பெண், அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸை எங்கள் ஊரில் மிஸி என்போம். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தத் தீற்று உண்டு. ஒவ்வொரு தடவையும் அந்த மிஸிக்கு வேறு பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும்.

நான் கை கழுவிவிட்டு வந்தபோது பார்வதி சாக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிவப்புப் பில்டரின் மடிப்பு மேலேயே மூன்று விரலையும் இழுத்து, அழகாக வெள்ளைப் பட்டை போட்டிருந்தாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்!

“அறிவிருக்காடி ஒனக்கு? காத்து போற எடத்துல சாம்பலைப் பூசி வச்சிருக்க! அடைச்சுக்கிட்டு நடுரோட்டுல எஞ்சின் செத்துச்சுன்னா யாரு தள்ளுவா? நீயா?”

பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. பார்வதியின் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. விரலில் இன்னும் திருநீறு இருந்தது.

“தெரியாம வச்சுட்டேங்க. நல்லதுக்குத்தான்...”

“நல்லதுக்கு! எல்லாத்துலயும் கையை வச்சுக்கிட்டு!”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் செய்த ஒரு காரியத்தைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது சொன்னால் மீதியை எழுதக் கை வராது.

இரைச்சல்

மாட்டி முடித்து எஞ்சினைத் தட்டியதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மிதித்தால் அது ‘ஊ’ என்று ஏறும். லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்து நின்றுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஈப்போவிலிருந்து திரும்பும்போது ஏர்கோனை ஒன்றாம் நம்பரில் வைத்தேன். கார் ஏறியது. முன்னைவிட நன்றாக ஏறியதா என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லச் சொன்னால் தெரியாது. சத்தம் பெரிதாக இருந்ததால் வேகமாகப் போன மாதிரி இருந்தது.

“எப்படி?” என்றேன்.

“ஏறுதுங்க. நல்லா ஏறுது.” நெற்றிப் பொட்டை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே சொன்னாள். அந்த இரைச்சல் அவளுக்குத் தலையைப் பிளந்தது என்பது பிறகு கவிதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கோலா தெர்லா

மழைக்காலம் வந்தது. ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாள் மெஷின் கிடையாது என்பதால் திங்கட்கிழமைதான் எப்போதும் மோசம். அன்று அவள் முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஓர் இடத்தில் பள்ளமாக இறங்கும். தோட்டத்துப் பிளாஸ்டிக் தாள்கள் அடித்து வந்து ரோட்டோரச் சாக்கடையான லோங்காங்கை அடைத்துவிட்டிருந்தன. தண்ணீர் ரோட்டை மூடிச் செந்நிறமாக ஓடியது. எங்களுக்கு முன்னால் ஒரு காய்கறி லோரி நின்றது. டிரைவர் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லோரிக்காரரே நின்னு பாக்குறாரு. நாமளும் பாத்துட்டுப் போலாங்க. ஆழம் தெரியாம கால விடாதீங்க.”

“போன மழைக்கு இதே காடில இதைவிடப் பெரிய தண்ணியில போனோம். ஒனக்கு நேரமாச்சு. சும்மா இரு.”

போன மழைக்குப் போனது உண்மைதான். அப்போது காரில் கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் வாய் ஹெட்லைட்டுக்கு மேலே இருந்தது. இப்போது வாய் ஒரு சாண் உயரத்தில். அது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் நினைப்பில் வரவில்லை. நினைப்பில் இருந்ததெல்லாம் அவளுடைய மூச்சுச் சத்தம்தான்.

லோரியைச் சுற்றிக்கொண்டு இறக்கினேன். பாதி தாண்டியிருப்போம். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருகினேன். அசையவில்லை. அந்த ‘டக்’கைக் கேட்ட நொடியே காகிதத்தின் தடித்த எழுத்து என் கண்முன் வந்து நின்றது. காருக்குள் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது.

பார்வதி காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள். மெல்லக் கேட்டாள்:

“ஏங்க, அன்னிக்கு நான் வச்ச துன்னூறா? அதான் அடைச்சுக்கிச்சா?”

பதில் எனக்குத் தெரியும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“வச்சல்ல! சொன்னேன்ல அன்னிக்கே! இப்ப சந்தோஷமா?”

அவள் தன் வலது கை விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

லோரி டிரைவர் செல்வம் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். “அண்ணே, காடி கெடக்கட்டும்! அக்காவைத் தூக்கிட்டு வாங்க லா, நான் கொண்டுபோய் விடுறேன்!” அவளை முதுகில் சுமந்துகொண்டு தண்ணீருக்குள் இறங்கினேன். வீங்கிய உடம்பு கனத்தது. என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டே, “மன்னிச்சுருங்க” என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கம்போங் ராஜாவுக்கு அப்பால் மண் சரிந்து ரோட்டை மறித்திருந்தது. அள்ளி ஒதுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. லோரிக்குள் முட்டைக்கோஸ் வாசனை. அவள் முன்பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் தேடித் தேடி இழுத்தாள். செல்வம் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஈப்போவில் அவளைப் பார்த்ததும் மிஸி மெஷின் பக்கமே கூட்டிப்போகவில்லை. போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பத்து நாள் ஆஸ்பத்திரி. முதல் நாலு நாள் வாயில் குழாய். பிழைத்து வந்தாள். ஆனால் போனவள் வேறு, வந்தவள் வேறு.

ரவி சொன்னது

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது துணி எடுக்க ஒரு நாள் மேலே வந்தேன். கம்போங் ராஜாவில் மெக்கானிக் ரவியின் பட்டறைக்குக் காரை இழுத்துப் போட்டிருந்தார்கள். ரவி பிளக்கைக் கழற்றி எஞ்சினைக் கையால் அசைத்துப் பார்த்தான். ஓட்டை வழியாகச் செந்தண்ணீர் பீச்சியடித்தது.

“தண்ணி குடிச்சிருச்சுண்ணே. உள்ள ராடு வளைஞ்சு போச்சு. எஞ்சின் முடிஞ்சது.”

“வேற ஒண்ணும் இல்லியா? பில்டர் கில்டர் அடைச்சு?”

“பில்டர்ல ஒண்ணுமில்ல, சேறுதான் ஒட்டியிருக்கு. இவ்ளோ கீழ கொண்டுபோய் வச்சா வேற என்னண்ணே ஆகும்? பழைய பாக்ஸ் இருந்திருந்தா இந்தத் தண்ணிக்குத் தாண்டிப் போயிருக்கும். யாருண்ணே மாட்டுனது?”

காத்து பிட்டர் என்ன சொன்னான் தெரியுமா? “ஈப்போவுல ஒரு கடையில போட்டது” என்றான்.

“எந்த முட்டாப்பயலோ! கையில கெடைச்சா ரெண்டு சாத்துங்கண்ணே.”

“சாத்துறேன்” என்றேன். ரவி சிவப்புப் பில்டரை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தான்.

மிஸி கேட்டது

வீட்டுக்கு வந்த அன்றைக்கே பார்வதி கேட்டாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு ஐஸ்கட்டியைக் கிண்ணத்தில் எடுத்து வந்தேன்.

“ரவி என்ன சொன்னான்? என் துன்னூறுதானே?”

எவ்வளவு சுலபம்! இல்லை பாரு, என் தப்பு என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது. துரை குலுக்கிய கை, பெரட்டில் நின்ற முகங்கள், பட்டப்பேர் எல்லாம் சேர்ந்து அதை உள்ளே தள்ளியது.

“விடு. அதைப் பேசாத” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நான் அவளைக் காட்டிக்கொடுக்காமல் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன் என்று நினைத்தாள். அப்படி நினைத்தாள் என்பது அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. செருப்பால் அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் தோட்டத்தில் ஒருவருடைய வேனில் போய் வந்தோம். முதல் நாள் மெஷின் பக்கத்துக் கட்டிலில் அவள் திருநீற்றுப் பொட்டலத்தை எடுக்காமலே படுத்துக்கொண்டாள். மிஸி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பாதி தமிழ், பாதி மலாயில் கேட்டாள்:

“ஆன்ட்டி, இன்னிக்கு சாம்பல் தாக் அடா? இல்லியா?”

“வேணாம் மிஸி. என் கை ராசியில்லாத கை. மெஷின் கெட்டுப்போச்சுன்னா பாவம், மத்தவங்களும் இதுலதானே படுக்கணும்.”

மிஸிக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் பார்வதி எதற்கும் திருநீறு போடவில்லை. ஆயுத பூசைக்கு என் ஸ்பானர் பெட்டியைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுத்தான் பூச வைத்தாள். பார்வதி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அதற்கடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். நாள் போகப் போக, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டு என் வாயைக் கட்டிப்போட்டது.

அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை. இருதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர். அந்தப் பத்து நாளால்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அப்படி இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கவிதா வாசலில் அந்தக் கறுப்புப் பெட்டிப் புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

“அம்மா போன்ல அடிக்கடி சொல்வாங்கப்பா, அவங்க கை வச்சதாலதான் காடி நின்னுச்சுன்னு. நெசமாப்பா?”

“நடந்தது நடந்து போச்சு, விடும்மா” என்றேன். அவளிடமும் அதே ‘விடு’.

கவிதா, இந்தத் தொடரை நீ ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நேருக்கு நேர் சொல்ல உன் அப்பனுக்குத் தைரியம் இல்லை, அதனால் ஊர் முழுக்கப் படிக்கிற இடத்தில் சொல்கிறேன். அன்றைக்கு உன் அம்மா அழுதுகொண்டே உள்ளே போனதும் நான் பனியனைக் கழற்றி அந்தப் பில்டரைத் துடைத்தேன். மண்ணெண்ணெயில் நனைத்து மறுபடியும் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. அதற்குப் பிறகுதான் பம்பருக்குள் மாட்டினேன்.

தண்ணீரில் நின்ற அந்தக் காரில் உன் அம்மாவின் திருநீறு இல்லவே இல்லை. அவள் கேட்டாள். நான் சொல்லவில்லை.